நாலு விரல் தண்ணீர்

நூற்று முப்பத்து நான்கு மணி நேரம் சாக்குகள் ஈரமாக இருந்தன. இருந்திருக்க வேண்டியது நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். குறைந்துபோன முப்பத்து நான்கு மணி நேரமும் சுப்பையன் பெயரில் எழுதப்பட்டிருந்தது.

பாலம் சின்னதுதான். காஜா பெராங்கிலிருந்து தெங்கேரா பக்கம் போகும் புதுச் சாலை ஒரு கால்வாயைத் தாண்டும் இடம். நாற்பதடி நீளம், நடுவில் ஒரு தாங்குசுவர். 1957 ஜூன் எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு மேல்தளம் கொட்டத் தொடங்கினார்கள். காஜா பெராங் பக்கத்துப் பாதி மத்தியானத்துக்குள் முடிந்தது. தெங்கேரா பக்கத்துப் பாதி சாப்பாட்டுக்குப் பிறகு. மாலை ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்து, மேலே சாக்கு விரித்து, நனைத்தாயிற்று.

ஓவர்சியர் ராஜரத்தினம் போகும்போது, கும்பலை மேய்க்கும் மண்டோர் தேவதாஸிடம், "செவன் டேஸ்" என்றார். தேவதாஸ் அதைச் சுப்பையனுக்குத் தமிழில் சொன்னார்.

"ஏழாம் நாள் சாக்க எடுத்துடு."

சுப்பையன் எண்ணினான். சனி ஒன்று, ஞாயிறு இரண்டு, திங்கள் மூன்று. கருமாதிக்குப் பதினாறு எண்ணுவதும் பிள்ளை பிறந்த வீட்டில் நாள் எண்ணுவதும் அப்படித்தான். நடந்த நாளும் ஒரு நாள். வெள்ளிக்கிழமை ஏழு. அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு வந்து, ஏழு மணிக்குச் சாக்குகளைச் சுருட்டிக் கட்டி, ஓரமாக அடுக்கிவைத்தான். அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால்வாயில் மொண்டு ஊற்றியிருந்தான். ஒரு தடவையும் தவறவில்லை. வெறும் தளத்தின் மேல் வெயில் விழுந்தது. அந்த மாதம் மழை குறைவு.

யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜூலை முதல் வாரம் வெடிப்பு தெரிந்த பிறகுதான் சொன்னார்கள்.

*

சுப்பையனும் அவன் மனைவி அஞ்சலையும் இரண்டு வருடத்துக்கு முன்பு ஜாசின் பக்கத்துக் கித்தா என்கிற ரப்பர் மரத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்கள். தோட்டம் கைமாறியபோது கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது இருவருக்கும் ஒரே கும்பலில் வேலை. கொட்டும் நாட்களில் அவனுக்குக் கம்பி குத்தும் வேலை. பலகை அடைப்புக்குள் நின்று, கலவை விழ விழ நீளக் கம்பியால் குத்திக் குத்தி உள்ளே காற்று இல்லாமல் இறக்க வேண்டும். அவளுக்கு மிக்ஸருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை.

குடியிருப்பது கம்போங் செட்டியில், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் செட்டிப் பெண் சிவகாமியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில். சிவகாமிக்குப் பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மலாய். அஞ்சலைக்குத் தெரிந்த மலாயும் சிவகாமிக்குத் தெரிந்த பத்து இருபது தமிழ்ச் சொல்லும் கிணற்றடியில் போதுமானதாக இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாத் துணியையும் வெளிக்கொடியில் போட்டாள். சுப்பையனின் துண்டுகள் இரண்டை மட்டும் தனியாக அலசி உள்ளே கொண்டுபோனாள்.

"அஞ்சாலே," என்றாள் சிவகாமி. "அப்பா பசால் ஜெமோர் கைன் டாலாம் பிலேக்?"

துணியை ஏன் அறைக்குள் காயப்போடுகிறாய் என்பது கேள்வி.

"வெயிலு, அக்கா. வெளுத்துரும்."

சிவகாமி சிரித்தாள். "கைன் பூத்தே, தாகுட் பூத்தே லாகி?" வெள்ளைத் துண்டு இன்னும் வெளுத்துவிடும் என்று பயமா.

அஞ்சலையும் சிரித்துவைத்தாள். சிவகாமி உள்ளே போய் ஒரு தட்டில் நான்கு மாம்பழமும் ஒரு கொத்து ரம்புத்தானும் கொண்டுவந்தாள். பழக்காலத்தில் அவர்கள் வீட்டில் செத்துப்போனவர்களுக்குப் பழம் படைப்பார்கள். படைத்து முடித்தால் ஒரு பங்கு பின்னறைக்கும் வரும்.

"சுமி பாத்தோக் லாகி?" என்று கேட்டாள் சிவகாமி, குரலைத் தாழ்த்தி. புருஷனுக்கு இருமல் இன்னும் இருக்கிறதா.

"சிமிட்டித் தூசு, அக்கா. போயிரும்."

அறைக்குள் சுப்பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தோட்டத்தில் இருந்தபோது அவனுக்குத் தோள் அகலம். இப்போது பனியனுக்குள் எலும்பு தெரிந்தது. அஞ்சலை கருவாடு வறுத்து, கங்குங் கீரையைச் சம்பலில் வதக்கி, சோறு போட்டாள். அவன் பாதி தின்றான்.

"தின்னுங்க. செப்டம்பர்ல டாக்டர் பாக்கறப்ப ஒடம்பு கொஞ்சம் தெளிஞ்சிருக்கணும்ல."

"லிஸ்டுல பேரு இருந்தாத்தானே டாக்டரு."

பாலம் திறந்ததும் மூன்று பேரை நிரந்தர லிஸ்டில் சேர்ப்பதாக ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அவன் பெயர் இரண்டாவது. நிரந்தரம் என்றால் வரிசை வீட்டில் ஒரு அறை. இன்னொரு முறை கணக்கை முடித்து யாரும் அனுப்ப முடியாது. லிஸ்டில் ஏறும் முன் டாக்டர் நெஞ்சில் தட்டிப் பார்ப்பார். அதற்குள் இருமலை அடக்கிவிட வேண்டும் என்று அஞ்சலை தூதுவளையும் மிளகும் தேடித் தேடிக் கொடுத்தாள்.

"நீங்க ஏழு நாளும் ஒழுங்காத்தான ஊத்துனீங்க," என்றாள்.

"ஆறு நாளுகூட இல்லயாம். ஓவர்சியரு மணிக்கணக்கா எழுதி வச்சிருக்காரு."

"மண்டோரு ஏழாம் நாளுன்னுதான சொன்னாரு."

"ஏழு நாளுன்னு சொன்னேங்கறாரு. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு புள்ள. சாக்கு சரியா நனையலேன்னா வெடிக்கத்தான் செய்யும். தப்பு என்னோடதுதான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கிணற்றடியில் கொஞ்ச நேரம் தட்டைக் கழுவாமல் நின்றாள்.

*

பாலத்தில் அவனுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது.

"என்னா ஏழாம் நாளு, கோப்பி குடிச்சாச்சா?" என்றான் கம்பி கட்டும் கலியாணசுந்தரம்.

"குடிச்சாச்சு."

"ஆகஸ்டு முப்பத்தொண்ணு நாட்டுக்குச் சுதந்திரம்ங்கறாங்க. நீ எண்ணிச் சொல்லு பாப்போம். நீ எண்ணுனா முப்பதாம் தேதியே வந்துரும்லா."

கும்பல் சிரித்தது. சுப்பையனும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, கால்வாய்க் கரை வரை நடந்துபோய் முதுகைக் காட்டி நின்று இருமிவிட்டு வந்தான்.

"சிரிச்சா இருமல். இருமுனா சிரிப்பு," என்றான் கலியாணசுந்தரம். பிறகு தன் கோப்பியில் பாதியை அவன் குவளையில் ஊற்றினான். "குடி. தொண்ட காஞ்சிருக்கு."

வெடிப்புகள் மூன்று. தளத்துக்குக் குறுக்கே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. முதலில் தலைமுடி கனம். ராஜரத்தினம் முழங்காலிட்டு, சட்டைப்பையிலிருந்து மெல்லிய தகடுகளை எடுத்து ஒவ்வொன்றாக வெடிப்பில் செருகி அகலம் பார்த்து நோட்டில் எழுதினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போடமாட்டார். அதனாலேயே எல்லோரும் பயந்தார்கள்.

ஜூலை பத்தாம் தேதி வெடிப்புகளின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டுகளை வைத்து இரு முனையிலும் சாந்து பூசி ஒட்டினார். அஞ்சலைதான் சாந்துச் சட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். ஒவ்வொரு கண்ணாடியிலும் மையால் தேதி எழுதினார்.

"இது என்னாத்துக்குங்க ஐயா?" என்றார் தேவதாஸ்.

"வெடிப்பு நிண்டிட்டுதெண்டால் கண்ணாடி இருக்கும். இன்னும் விரியுதெண்டால் உடையும்."

பத்தொன்பதாம் தேதி இரண்டு கண்ணாடிகள் உடைந்திருந்தன.

ராஜரத்தினம் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் நின்றார். காஜா பெராங் பக்கம் பார்த்தார். தெங்கேரா பக்கம் பார்த்தார்.

"தேவதாஸ். சாக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்திலைதானே எடுத்தது?"

"ஆமாங்க ஐயா. இவன்தான் எடுத்தான்."

"பிறகேன் வெடிப்பெல்லாம் தெங்கேராப் பக்கத்திலை மட்டும்? உந்தக் காஜா பெராங் பக்கத்திலை ஒரு கீறலும் இல்லையே."

தேவதாஸ் வானத்தைப் பார்த்தார். "அந்தப் பக்கம் வெயில் கூடங்க ஐயா. இந்தப் பக்கம் மரம் இருக்குல்ல."

"மரம் இருக்குது," என்றார் ராஜரத்தினம். அதை எழுதிக்கொண்டார். ஆனால் அவர் முகம் அந்தப் பதிலோடு ஒத்துப்போகவில்லை. "கலவையிலை பிழை இல்லை. காலமை பத்து மணிக்கு நானே கலவை எடுத்து வார்த்த சோதனைக் கட்டி. இருபத்தெட்டு நாள் கழிச்சு நசுக்கிப் பார்த்தாச்சு. நல்ல பலம்."

அஞ்சலை சாந்துச் சட்டியைக் கீழே வைத்தாள். அவர் கட்டி எடுத்தது காலை பத்து மணிக்கு. அவள் டின்னில் போட்டிருந்த கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஊற்றியது மத்தியானத்துக்குப் பிறகு.

*

மிக்ஸருக்கு ஒரு மூட்டை சிமிட்டிக்கு இரண்டு மண்ணெண்ணெய் டின் தண்ணீர். முதல் டின் முழுசாக. இரண்டாவது டின்னுக்குள் ராஜரத்தினம் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோடு வரைக்கும்தான். கோட்டுக்கும் டின் விளிம்புக்கும் இடையில் நாலு விரல் இருக்கும்.

அன்று காலை முழுக்கக் கோடு வரைக்கும்தான் ஊற்றினாள். கலவை வறட்சியாக வந்தது. சட்டியிலிருந்து தட்டித்தான் கொட்ட வேண்டும். கம்பி உள்ளே இறங்க மறுக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, தெங்கேரா பக்கம் கொட்டத் தொடங்கி மூன்றாவது கலவைக்கு அவள் டின்னை விளிம்பு வரை நிறைத்தாள். கலவை இளகி வந்தது. கஞ்சிப் பதம். கொட்டினால் தானே பரவியது. கம்பி தானே இறங்கியது. மாலை வரை ஒவ்வொரு மூட்டைக்கும் அப்படியே ஊற்றினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலை சீக்கிரம் நடந்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

ஏன் ஊற்றினாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சுப்பையனும்கூட அதைப் பேசிக்கொண்டதில்லை.

தோட்டத்தில் அவள் ஐந்து வருடம், பால் உறையவைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தவள். கித்தா பாலில் தண்ணீர் கலந்து உறையவைத்து, ஷீட்டாக அழுத்தி, புகைவீட்டில் தொங்கவிடுவார்கள். தண்ணீர் அதிகமாகிப்போன பாலில் உறைந்த ஷீட் தொளதொளவென்று வரும். காயக் காய மற்ற ஷீட்டை விட அதிகமாகச் சுருங்கும். மூங்கிலில் ஒட்டிக்கொண்டு சுருங்க இடம் இல்லாவிட்டால் நடுவில் கிழியும். உள்ளே போன தண்ணீர் என்றைக்காவது வெளியே போகத்தான் போகும். போன இடம் காலியாக நிற்காது. ராஜரத்தினத்தின் உடைந்த கண்ணாடியைப் பார்த்தபோது அவளுக்குப் புகைவீடுதான் ஞாபகம் வந்தது. தளத்தின் இரு முனையையும் சுவர் பிடித்திருக்கிறது. உள்ளே கம்பி பிடித்திருக்கிறது.

சாக்கு ஒரு நாள் முன்னால் எடுத்ததும் தப்பாக இருக்கலாம். ஆனால் அந்தத் தப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல்.

*

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. பாலத்துக்கு அருகில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு மேசை. ராஜரத்தினம் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் உடைந்த கண்ணாடிகள் நான்கு, வரிசையாக. டவுனில் கடைகளுக்கு முன்னால் கொடித்துணி தைக்கத் தொடங்கியிருந்தார்கள். இங்கே வரை அந்த நிறம் வரவில்லை. இரண்டு நாளாக மப்பு, மழை இல்லை.

சுப்பையன் மேசைக்கு முன்னால் நின்றான். தேவதாஸ் பக்கத்தில். கும்பல் கொட்டகைக்கு வெளியே குந்தியிருந்தது. அஞ்சலை வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாக்கை எப்ப எடுத்தனீர்?"

"வெள்ளிக்கெழம காலையிலங்க ஐயா."

"ஏழு நாள் எண்டெல்லோ சொன்னது."

"சனி ஒண்ணு, ஞாயிறு ரெண்டுன்னு எண்ணுனேன் ஐயா."

"சனி பின்னேரம் அஞ்சு மணிக்குத்தானே கொட்டி முடிஞ்சது. அது எப்பிடி ஒரு நாள்?"

"அதுவும் நாளுதானேங்க ஐயா."

வெளியே யாரோ மூக்கால் சிரித்தார்கள். ராஜரத்தினம் சிரிக்கவில்லை. ஒரு தாளை அவன் பக்கம் திருப்பினார்.

"நேரத்துக்கு முதல் சாக்கை எடுத்தது நான்தான் எண்டு இதிலை எழுதியிருக்கு. கையெழுத்துப் போடும். லிஸ்டிலை பேர் வராது. ஆனால் வேலையை விட்டு நிப்பாட்டமாட்டினம், நான் சொல்லியிருக்கிறன். நாள்கூலியா இருக்கலாம்."

"சரிங்க ஐயா."

"தெங்கேராப் பக்கம் மேலே ரெண்டு அங்குலம் கொத்தி எடுக்கவேணும். எடுத்துப் புதுசாப் பூசினால்தான் இந்த மாசக் கடைசிக்குள்ளை வண்டி விடலாம். தேவதாஸ், கொத்த எத்தினை பேர்?"

"ஆறு பேரு போதுங்க ஐயா. உளியும் சம்மட்டியும். பத்து பன்னெண்டு நாளு ஆகும். தூசு பறக்கும், மத்த வேலைய நிப்பாட்டிறணும்." தேவதாஸ் சுப்பையனைப் பார்த்தார். "இவன மொத ஆளாப் போட்டிருக்கேன். இவன் கெடுத்தது, இவனே கொத்தட்டும். பத்து நாளு கொத்துனா அடுத்த தடவ எண்ண மறக்கமாட்டான்."

"ஏலுமோ உமக்கு?" என்றார் ராஜரத்தினம்.

"முடியும்ங்க ஐயா," என்றான் சுப்பையன். சொல்லிவிட்டு வாயை மூடி இருமலை நெஞ்சுக்குள்ளேயே நிறுத்தினான். அவன் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. அஞ்சலைக்கு அது பின்னாலிருந்தே தெரிந்தது. பேனாவை எடுத்தான். அவனுக்குத் தமிழில் பெயர் எழுதத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக. 'சு' போட்டுவிட்டு மையில் தொட்டுக்கொண்டான்.

"ஐயா," என்றாள் அஞ்சலை.

கம்பத்தை விட்டுவிட்டு இரண்டு அடி உள்ளே வந்திருந்தாள். அவள் ராஜரத்தினத்திடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"இவருகிட்ட கையெழுத்து வாங்காதீங்க. சாக்குனால வெடிக்கல."

"அஞ்சல, ஆம்பளைங்க பேசறப்ப நீ என்னா," என்றார் தேவதாஸ்.

"நீர் இரும்," என்றார் ராஜரத்தினம் தேவதாஸிடம். "சொல்லும்."

"மத்தியானத்துக்கு மேல நான் கோட்டத் தாண்டி ஊத்திட்டேங்க ஐயா. ரெண்டாவது டின்னுல."

"எவ்வளவு?"

அவள் வலது கையை நீட்டி, கட்டைவிரலை மடக்கி, நாலு விரலைப் படுக்கையாகச் சேர்த்துக் காட்டினாள்.

"ஒவ்வொரு மூட்டைக்குமோ?"

"ஒவ்வொரு மூட்டைக்குந்தான். இந்தப் பக்கம் முடியற வரைக்கும்."

ராஜரத்தினம் அந்த விரல்களைப் பார்த்தார். நோட்டைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தைத் தேடினார். அங்கே மூட்டைகளின் எண்ணிக்கை இருந்திருக்க வேண்டும். உதடு அசையப் பெருக்கினார். பிறகு நோட்டை மூடிவிட்டு வெளியே, பாலத்தின் தெங்கேரா பக்கத்தைப் பார்த்தார். தனக்குள் பேசுவதுபோல், "அதுதான்," என்றார். "அதுதான் இந்தப் பக்கம்."

தேவதாஸின் முகம் கறுத்திருந்தது. "நான் ஊத்தச் சொன்னேனா? எல்லாருக்கும் முன்னாடி சொல்லு. நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லல மண்டோரய்யா. யாரும் சொல்லல."

"கம்பி குத்தறவனுக்குச் சொகமா இருக்கட்டும்னு ஊத்துனியாக்கும். புருஷன் கையி நோவக்கூடாது."

வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை. கலியாணசுந்தரம் எழுந்து நின்றிருந்தான்.

"பிறகென்னத்துக்கு ஊத்தினனீர்?" என்றார் ராஜரத்தினம். "கோடு எதுக்குப் போட்டது எண்டு தெரியுந்தானே?"

"தெரியும்ங்க ஐயா."

"பிறகேன்?"

சுப்பையன் திரும்பினான். பேனாவில் இருந்த மை தாளில் சொட்டியது.

"ஏ புள்ள," என்றான். "வேணாம். வா. நான் கொத்திருவேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். நேற்று அவள் உள்ளே காயப்போட்டது. மூன்று தடவை அலசியும் முனையில் பழுப்பாக ஒரு வட்டம் போகவில்லை. அதைத் தெரியாதபடி உள்பக்கம் மடித்துப் போட்டிருந்தான்.

"இவரால கொத்த முடியாதுங்க ஐயா," என்றாள். குரல் எழும்பவில்லை. ராஜரத்தினம் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "அன்னைக்குச் சாப்புட்டு வந்து மொதக் கலவ கொட்டறப்ப, குடிக்கத் தண்ணி கொண்டுபோனேன். பலகைக்குள்ள குனிஞ்சு நின்னாரு. கம்பியப் பிடிச்சிட்டே கலவை மேல ரத்தம் துப்புனாரு. ஒரு கை நெறைய இருக்கும். அடுத்த சட்டி அது மேல விழுந்துருச்சு."